சதாசிவம் ஆடிய 11 போட்டிகள்

எங்கள் தோட்டத்துக் கடைக்கு முன்னால் ஒரு மண்தரை இருக்கிறது. இரத்தினபுரி மழை கொஞ்சம் விட்டால் போதும், லயத்துப் பிள்ளைகள் பலகைத் துண்டோடு அங்கே இறங்கிவிடுவார்கள். ஓங்கி அடிக்கிறவனை மூத்தாப்பா திரும்பியும் பார்க்கமாட்டார். பந்தை மெல்லத் தட்டிப் பின்பக்கம் அனுப்புகிறவனைக் கண்டால் மட்டும் சதா வந்துவிட்டான் என்பார். சதா யார் என்று தேடப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மகாதேவன் சதாசிவம் 1915 இல் பிறந்தார். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்து, தமிழ் யூனியன் கழகத்துக்காகத் துடுப்பெடுத்தாடினார். அமெரிக்கர்கள் பேஸ்போல் வீரர் பேப் ரூத்தை 714 ஹோம் ரன்களால் நினைக்கிறார்கள். அப்படி எண்ணிக் காட்ட சதாசிவத்திடம் அதிகம் இல்லை. முதல்தரப் போட்டிகள் 11, ஓட்டங்கள் 753, அவ்வளவுதான். அன்று இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. ஆனால் அந்த 753 இல் 215 ஓட்டங்கள் ஒரே இன்னிங்ஸில் வந்தவை. 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவற்றை எடுத்தார். பந்து தன்னைக் கடந்து போகும் கடைசி நொடியில் தொட்டுத் திசைதிருப்பும் லேட் கட் அடிதான் அவருக்குப் பேர்போனது. அதற்குப் பலத்தைவிட நிதானம்தான் வேண்டும்.

1948 இல் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் ஒருநாள் ஆடியது. இலங்கைத் தலைவர் சதாசிவம். 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் அன்று 20 யார்தான் இருந்ததாம்! 1950 இல் கொமன்வெல்த் அணிக்கு எதிராக அவர் எடுத்த 96 ஓட்டங்களைப் பார்த்து மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரெல் வியந்துபோனார்.

முதலில் கட்டுரையை இங்கிருந்து நேரே அவருடைய மரணத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். உம்மா வாசித்துவிட்டு, அவருடைய மனைவி எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் வாசிக்கும் சஞ்சிகை, அதனால் விட்டேன் என்றேன். பிள்ளைகள் வாசிப்பதால்தான் விடக்கூடாது என்றார்.

அவர் பெயர் பரிபூரணம். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். 1951 ஒக்டோபர் 9 ஆம் திகதி பம்பலப்பிட்டி வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். சதாசிவம் கைதானார். நாட்டின் பெரிய துடுப்பாட்ட வீரர் ஏறத்தாழ 20 மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். உயிர் பிரிந்தது எத்தனை மணிக்கு என்பதில்தான் வழக்கே நின்றது. அதற்குச் சாட்சி சொல்ல எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்தார். 1953 யூனில் ஜூரிமார் ஒருமனதாக அவரை நிரபராதி என்றார்கள். அந்தத் தீர்ப்பை நானும் ஏற்கிறேன். ஆனால் பரிபூரணத்தைக் கொன்றதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கிரிக்கெட் கதைகளில் அவர் சதாவின் கஷ்டகாலமாக மட்டுமே வந்துபோகிறார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு சதாசிவம் கடல் கடந்து போய் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவராக இருந்தவர் வேறு யாராவது உண்டா என்று மூத்தாப்பா கேட்பார். 1977 இல் காலமானார். 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி நடந்தது அவருடைய தமிழ் யூனியன் மைதானத்தில்தான். பின்னாளில் முத்தையா முரளிதரன் ஆடியதும் அதே கழகத்துக்குத்தான்.

எழுதி முடித்ததை மூத்தாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 215 வந்த இடத்தில் தலையை ஆட்டினார். பரிபூரணம் வந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கொலைக் கதையை அவருடைய வாப்பா சொல்லித் தெரியுமாம், ஆனால் அந்தப் பெண்ணின் பெயரை யாரும் சொன்னதில்லையாம். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.