மகனின் சைக்கிளைத் திருத்திய மிருக வைத்தியர்

மாம்புரியில் சைக்கிள் வைத்திருப்பவர் எவரும் அரை மெக்கானிக்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக்காற்று சங்கிலியையும் றிம்மையும் தின்னும். வெங்காயத் தோட்டத்து மணல் எங்கெல்லாம் கிறீஸ் பூசியிருக்கிறோமோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். நெருஞ்சி முள் மாதத்துக்கு ஒரு தடவையாவது டியூபைப் பதம் பார்க்கும். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்ட நாட்களில், கொட்டிலில் கிடந்த பழைய சைக்கிளை நானும் முற்றத்தில் கவிழ்த்துப் போட்டுத் திருத்த உட்கார்ந்தேன். புதிய சைக்கிளின் விலை அப்போது எம்மைப் போன்றோருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடும் அந்த வேலையில் கை பழகப் பழக, என் மனதுக்குள் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் பெயர் ஜோன் பொய்ட் டன்லப். பலருக்கு டன்லப் என்பது டயர்க் கம்பனியின் பெயர். ஆனால் அவர் எம்மைப் போலவே வீட்டு முற்றத்தில் சைக்கிள் திருத்திய ஒருவர். அதுவும் தன் மகனுக்காக.

டன்லப் 1840 இல் ஸ்கொட்லாந்தின் ட்ரெகோர்ன் என்ற ஊரில் பிறந்தார். குறைமாதக் குழந்தை. தன் உடல் பலவீனமானது என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. எடின்பரோவில் மிருக வைத்தியம் கற்றுவிட்டு அயர்லாந்துக்குப் போனார். பெல்பாஸ்ட் நகரில் அவர் நடத்திய வைத்தியசாலை நல்ல பெயரெடுத்தது. குதிரைகள்தான் அந்தக் காலத்து லொறியும் பஸ்ஸும் என்பதால் மிருக வைத்தியருக்கு வேலைக்குக் குறைவில்லை. பொறியியல் படித்தவரல்ல. ஆனால் இறப்பரைக் கையாளத் தெரிந்தவர்.

1887 இல் அவருடைய மகன் ஜோனிக்கு ஏறக்குறைய பத்து வயது. அவனிடம் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று இருந்தது. அன்றைய சைக்கிள்களுக்குக் காற்று கிடையாது. றிம்மைச் சுற்றி வெறும் கட்டி இறப்பர்தான். பெல்பாஸ்ட் வீதிகளோ கல் பாவியவை. கட்டி டயர் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும்போது சைக்கிளும் அதில் இருப்பவரும் சேர்ந்தே தூக்கிப் போடப்படுவார்கள். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கு இப்படித் தூக்கிப் போடுவதிலேயே வீணாகும். காற்றடைத்த டயர் அப்படியல்ல. கல் பட்ட இடம் மட்டும் உள்வாங்கிக் கொடுக்க, சில்லு தன் பாட்டில் உருண்டு போகும். இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று கண் முன்னால் காட்டினால்தான் நம்புவார்கள்.

அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. மெல்லிய இறப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டினார். ஒரு மரவட்டின் விளிம்பில் அதைச் சுற்றி, துணியால் மூடி ஆணியடித்தார். உதைபந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றடித்தார். பிறகு மகனின் சைக்கிளிலிருந்து ஒரு சில்லைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டார். அது கொஞ்சத் தூரம் போய்ச் சாய்ந்தது. காற்றடைத்த மரவட்டை உருட்டினார். அது முற்றம் முழுவதையும் கடந்து போய், படலைத் தூணில் மோதித் திரும்பியது. ஆய்வுகூடம் இல்லை, அளவுகருவி இல்லை. யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை.

1888 இன் தொடக்கத்தில் ஜோனியின் சைக்கிளுடைய பின்சில்லுகளில் காற்று டயர் ஏறிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பையனின் உடம்பு குலுங்காமல் இருக்கத்தான் அவர் இதையெல்லாம் செய்தார். வேகம் தானாக வந்தது. 1889 மே 18 அன்று பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டிக்கு வில்லியம் ஹியூம் என்ற ஓட்டவீரர் காற்று டயர் பூட்டிய சைக்கிளுடன் வந்தார். சொசேஜ் போலப் பருத்திருந்த அந்த டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ஹியூம் நான்கு போட்டிகளிலும் வென்றார். தோற்றவர்களில் டப்ளின் வர்த்தகர் ஹார்வி டு குரோவின் மகன்மாரும் இருந்தார்கள். தகப்பன் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டார். அந்த ஆண்டே அவர் தலைமையில் டப்ளினில் டயர்க் கம்பனி பிறந்தது. டன்லப் தன் காப்புரிமையைக் கொடுத்துப் பங்குகள் பெற்றுக்கொண்டார்.

அந்தக் காப்புரிமை நிலைக்கவில்லை. கிடைத்து இரண்டு ஆண்டுகளில் அது செல்லாது என்று ஆனது. ரொபர்ட் தொம்சன் என்ற இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் 1845 இலேயே காற்றுச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். குதிரை வண்டிகளில் பூட்டி லண்டனில் ஓட்டியும் காட்டியிருந்தார். வாங்குவாரில்லாமல் அது மறக்கப்பட்டது. பெடல் மிதித்து ஓடும் சைக்கிள் பரவாத காலம் அது. டன்லப்பின் வேலை வெளிவந்தபோது தொம்சன் உயிரோடு இல்லை.

சைக்கிள் திருத்தும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. டன்லப்பின் முதல் டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடு. டயர் றிம்மோடு சேர்த்துத் துணியால் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. பிரான்சில் மிஷெலின் சகோதரர்களின் இறப்பர்த் தொழிற்சாலைக்கு அப்படியொரு டயர் திருத்த வந்தபோது, பிரித்து ஒட்ட 3 மணித்தியாலம் பிடித்தது. பசை காய இரவு முழுவதும் வைக்க வேண்டியிருந்தது. காலையில் ஓட்டிப் பார்த்தால் மறுபடி காற்றுப் போயிற்று. அங்கிருந்துதான் அவர்கள் கழற்றிப் பூட்டும் டயரைச் செய்தார்கள். 1891 இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் சார்ல் தெரோன் அதில் ஓடி வென்றார். பிரித்தானியாவில் வெல்ச் விளிம்பில் கம்பி வைத்த டயரையும், பார்ட்லெட் விளிம்பு மடித்த டயரையும் 1890 இல் கொண்டுவந்தார்கள். டன்லப்பின் காப்புரிமை போன பின் கம்பனி பிழைத்தது இவ்விரண்டையும் வாங்கித்தான். ஆக, இரண்டு கரண்டியை விட்டு நெம்பி டயரைக் கழற்றும் வசதி டன்லப் தந்ததல்ல. சிறிய இறப்பர்க் குழாய் போட்ட எமது பழைய வால்வை பல நாடுகளில் டன்லப் வால்வ் என்றே அழைக்கிறார்கள். அதுவும் வூட்ஸ் என்பவர் செய்தது. பெயர் மட்டும் டன்லப்புக்குப் போய்விட்டது.

பணம் அப்படிப் போகவில்லை. 1896 இல் கம்பனி 30 இலட்சம் பவுணுக்கு ஹூலி என்ற தரகருக்கு விற்கப்பட்டு, உடனே 50 இலட்சம் பவுண் கம்பனியாக மறுபடி சந்தைக்கு வந்தது. டன்லப் அதற்கு முன்பே பணிப்பாளர் சபையிலிருந்து விலகியிருந்தார். பிற்காலத்தில் டப்ளினில் ஒரு துணிக்கடையில் சிறிய பங்கு வைத்திருந்தார்.

அந்த முற்றத்துச் சோதனை எங்கெல்லாம் போய் முட்டியது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் இறப்பரைக் கேட்டுக்கொண்டே இருந்தன. கொங்கோவில் லியோபோல்ட் மன்னரின் ஆட்கள் காட்டு இறப்பருக்காகக் கிராமங்களை வதைத்தார்கள். அதை 1904 அறிக்கையில் உலகுக்குச் சொன்ன ரோஜர் கேஸ்மென்ட் டப்ளினில் பிறந்தவர். பிரேசில் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1876 இலேயே எமது கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்துவிட்டன. தோட்டத்துரைமார் அவற்றைப் பெரிதாக எண்ணத் தொடங்கியது டயர் சந்தை பெருத்த பிறகுதான். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி எங்கும் இறப்பர் தோட்டங்கள் எழுந்தன. அங்கேயும் மலாயாவிலும் விடியுமுன் பால் வெட்டப் போன கைகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைகளின் கைகள். 1910 முதல் டன்லப் கம்பனிக்கே மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் இருந்தன. கம்பனியை விட்டு விலகிவிட்ட கிழவரை இதற்குக் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல. ஆனாலும் அவருடைய கதையைச் சொல்லும்போது அந்தக் கைகளை விட்டுவிட்டுச் சொல்வதும் நியாயமல்ல.

கையிலிருக்கும் பொருளைக் கொண்டு அவசரத் தேவைக்கு ஒன்றைச் செய்துகொள்வது எமக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் உண்டு. அவர்களின் பெயரில் கம்பனி எதுவும் இல்லை. டன்லப்புக்குக் கம்பனி இருந்தது. அதுவே கடைசியில் அவருக்கு மனக்கசப்பைத் தந்தது. விளம்பரங்களில் தன் தாடி முகத்தைப் பயன்படுத்த அவர் முன்பு அனுமதித்திருந்தார். பின்னாளில் கம்பனி அந்த முகத்தின் கீழே உயர்ந்த தொப்பியும் கைத்தடியும் ஒற்றைக் கண்ணாடியுமாக ஒரு மைனர் உடம்பை வரைந்து ஒட்டியது. எளிமையாக வாழ்ந்த அந்த வைத்தியருக்கு அது அவமானமாகப் பட்டது. தன் பெயரையே தாங்கிய கம்பனிக்கு எதிராக அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கு லண்டன் பிரபுக்கள் சபைவரை போனது.

1921 ஒக்டோபர் 23 அன்று டப்ளினில் தன் 81 ஆவது வயதில் டன்லப் இறந்தார். காற்று டயரின் வரலாற்றை அவரே எழுதி வைத்திருந்தார். அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகே அச்சேறியது.