வால்ட்டர் ஷூஹார்ட்

வால்ட்டர் ஆண்ட்ரூ ஷூஹார்ட் (மார்ச் 18, 1891 – மார்ச் 11, 1967) ஓர் அமெரிக்க இயற்பியலாளரும் பொறியாளரும் புள்ளியியலாளரும் ஆவார். தொழிற்சாலையில் உருவாகும் பொருட்களின் தரத்தை அளவீடுகளின் துணைகொண்டு கட்டுப்படுத்தும் முறைக்கு அடித்தளமிட்டதால் இவர் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டின் தந்தை எனப்படுகிறார். 1924 இல் இவர் அறிமுகப்படுத்திய கட்டுப்பாட்டு வரைபடம், கணினி வழி இயங்கும் இன்றைய தொழிற்சாலைகளிலும் பயன்பட்டு வருகிறது.

வாழ்க்கைக் குறிப்பு

ஷூஹார்ட் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்திலுள்ள நியூ கான்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். இலினொய் பல்கலைக்கழகத்தில் பயின்ற பின், 1917 இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1918 இல் தொலைபேசிக் கருவிகளைத் தயாரித்து வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். 1925 இல் பெல் ஆய்வகம் தொடங்கப்பட்டபோது அங்கு மாறி, 1956 இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணிபுரிந்தார்.

பின்னணி

தொலைபேசி வலையமைப்பின் பல உறுப்புகள் நிலத்தடியிலும் தொலைவான இடங்களிலும் பொருத்தப்பட்டன. பழுதான ஓர் உறுப்பைத் தோண்டி எடுத்து மாற்றுவதற்குப் பெருஞ்செலவு பிடித்தது. அக்காலத்தில் தரம் என்பது பெரும்பாலும் முடிந்த பொருளைச் சோதித்துக் குறையுள்ளதை ஒதுக்குவதாகவே இருந்தது. இம்முறை பழுதான பொருளைப் பிரித்ததே தவிர, பழுது தோன்றுவதைத் தடுக்கவில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருந்தது. ஒரே இயந்திரம் செய்யும் இரு பொருட்கள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஓர் ஊசியின் நீளம் சற்றுக் கூடியிருப்பதைக் கண்ட தொழிலாளி, அந்த அளவுக்கு இயந்திரத்தைக் குறைத்து வைப்பார். அடுத்த ஊசி குட்டையானால் மீண்டும் கூட்டி வைப்பார். வேறுபாடு தற்செயலானதாக இருந்தால் இத்திருத்தங்களால் பயனில்லை. மாறாக, அளவுகளின் சிதறல் மேலும் கூடும். ஒவ்வொரு முறையும் முந்தைய விலகல் முழுவதையும் ஈடுசெய்ய முயன்றால் பரவற்படி இரு மடங்காகும் என்பதைக் கணிதம் காட்டுகிறது. நல்லெண்ணத்துடன் செய்யும் திருத்தமே தரத்தைக் கெடுத்துவிடுகிறது.

கட்டுப்பாட்டு வரைபடம்

1924 ஆம் ஆண்டு மே 16 அன்று ஷூஹார்ட் தம் மேலாளருக்கு ஒரு பக்க அளவிலான குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதில் இடம்பெற்ற எளிய படமே முதல் கட்டுப்பாட்டு வரைபடம் ஆகும்.

ஷூஹார்ட் வேறுபாட்டின் காரணங்களை இரண்டாகப் பிரித்தார். செயல்முறையிலேயே கலந்திருக்கும் எண்ணற்ற சிறு காரணங்கள் தற்செயல் காரணங்கள் எனப்படும். தேய்ந்த கருவி, மாறிய மூலப்பொருள் போன்று தேடிக் கண்டு நீக்கக்கூடியவை குறிப்பிடத்தக்க காரணங்கள் எனப்படும். வரைபடத்தின் பணி இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதாகும்.

இதற்காகக் குறித்த இடைவெளிகளில் சிறு கூறுகள் எடுத்து அளக்கப்படுகின்றன. அவற்றின் சராசரிகள் கால வரிசையில் புள்ளிகளாகக் குறிக்கப்படுகின்றன. நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் மூன்று திட்டப் பிழை தொலைவில் எல்லைக் கோடுகள் வரையப்படுகின்றன. அளவீடுகள் இயல்நிலைப் பரவலில் அமைந்திருந்தால், தற்செயலாக மட்டும் எல்லையைத் தாண்டும் புள்ளிகள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ மூன்றே ஆகும். ஆகவே ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால் காரணத்தைத் தேடுவது தகும். எல்லைக்குள் இருந்தால் இயந்திரத்தைத் தொடாதிருப்பதே நல்லது. மூன்று என்ற எண்ணை ஷூஹார்ட் பொருளாதார நோக்கில் தேர்ந்தார். இல்லாத பழுதைத் தேடும் செலவும் இருக்கும் பழுதைத் தவறவிடும் இழப்பும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நூல்களும் தரவு பற்றிய கருத்துகளும்

ஷூஹார்ட்டின் முதன்மை நூல், தயாரிக்கப்படும் பொருளின் தரத்தைச் சிக்கனமாகக் கட்டுப்படுத்துதல் பற்றியது. 1931 இல் வெளிவந்தது. 1938 இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பட்டமேற்படிப்புப் பள்ளியில் இவர் ஆற்றிய விரிவுரைகளை எட்வர்ட்ஸ் டெமிங் பதிப்பித்தார். அவை 1939 இல் நூலாயின.

தரவின் தரம் பற்றியும் ஷூஹார்ட் வலியுறுத்தினார். ஓர் எண் எவ்வாறு, எந்த நிலைமையில் அளக்கப்பட்டது என்பது தெரியாவிட்டால் அதை வைத்து முடிவெடுக்க இயலாது. அளவீடுகளின் கால வரிசையை இழந்து சராசரியை மட்டும் வைத்திருந்தால், செயல்முறை எப்போது மாறியது என்பது மறைந்துவிடும். அளக்கும் முறையும் பதியும் முறையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட வேண்டும் என்பதே இதன் சாரம்.

சீர்தரங்களும் உலகப் பரவலும்

ஷூஹார்ட் 1932 இல் இலண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 – 42 இல், கட்டுப்பாட்டு வரைபடம் அமெரிக்கப் போர்க்காலச் சீர்தரங்களாக வெளியிடப்பட்டது. இதனால் வெவ்வேறு தொழிற்சாலைகள் ஒரே முறையில் அளவிட்டு ஒரே முறையில் முடிவெடுக்க வழி பிறந்தது. போருக்குப் பின் 1950 இல் டெமிங் சப்பானில் இம்முறைகளைக் கற்பித்தார். ஷூஹார்ட்டின் சிந்தனையிலிருந்து டெமிங் வளர்த்தெடுத்த மேம்பாட்டுச் சுழற்சியும் அங்கிருந்து பரவலாக அறியப்பட்டது.

1947 – 48 இல் பி. சி. மகாலனோபிசின் அழைப்பின் பேரில் ஷூஹார்ட் இந்தியா வந்தார். தொழிலதிபர்களையும் பொறியாளர்களையும் சந்தித்துத் தரக் கட்டுப்பாடு பற்றிய ஆர்வத்தைத் தூண்டினார். 1950களில் இந்தியப் புள்ளியியல் கழகம் தொழில் நகரங்களில் தரக் கட்டுப்பாட்டு மையங்களைத் தொடங்கலாயிற்று. பின்னாளில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அத்தகைய மையங்கள் அமைந்தன.

இன்றைய பயன்பாடு

1991 இல் அனைத்துலகச் சீர்தர நிறுவனம் ஷூஹார்ட் வரைபடங்களுக்கெனத் தனிச் சீர்தரம் ஒன்றை வெளியிட்டது. அதன் பின் அது திருத்தப்பட்டுள்ளது. இன்றைய நுண்ணறி தொழிற்சாலைகளில் உணரிகள் நொடிக்குப் பல அளவீடுகளைப் பதிகின்றன. கையால் வரைந்த வரைபடத்தின் பணியைக் கணினி செய்கிறது. ஆயினும் பழைய சிக்கல் மறையவில்லை. ஆயிரம் உணரிகளைக் கண்காணித்தால், எல்லாம் சரியாக இயங்கும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் சில பொய் எச்சரிக்கைகள் எழும். அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அவை மேலும் பெருகலாம். கூறுகளை எவ்வாறு தொகுப்பது, எந்த எச்சரிக்கைக்குச் செயல்படுவது என்பன ஷூஹார்ட் எழுப்பிய அதே கேள்விகளாகும்.

சிறப்புகள்

ஷூஹார்ட் 1945 இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுச் சங்கம் இவரைத் தன் முதல் மதிப்புறு உறுப்பினராக ஏற்று, இவர் பெயரால் பதக்கம் ஒன்றை நிறுவியது. இந்தியப் புள்ளியியல் கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஷூஹார்ட் 1967 இல் நியூ செர்சி மாநிலத்தில் காலமானார்.