கல்லூரியைத் தேர்வு செய்வதற்கு முன் காரணத்தைக் கண்டவர்

தேர்வு முடிவுகள் வந்து, இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடமும் கிடைத்துவிட்டால் எதை ஏற்பது? பெயர்பெற்ற பழைய கல்லூரியையா, வளர்ந்துவரும் புதிய கல்லூரியையா? மருத்துவம் படிக்க விரும்பும் நம்மில் பலரைக் குழப்பும் இந்தக் கேள்வி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்விலும் வந்தது.

ஐடா 1870ஆம் ஆண்டு தமிழகத்தின் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா, தந்தை இருவருமே அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவ ஊழியர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ விரும்பினார். தாயார் நோயுற்றதால்தான் 1890இல் திண்டிவனம் திரும்பினார்.

அங்கே ஓர் இரவு, பிரசவ வேதனையில் துடித்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக அவரைத் தேடி வந்தனர். தாம் மருத்துவர் அல்லர், தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா மன்றாடினார். ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மருத்துவராவது என்று ஐடா முடிவு செய்தது அப்போதுதான்.

1895இல் அவர் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது 1850இல் தொடங்கப்பட்டது. பெண்களுக்கென்றே உருவான உலகின் தொடக்ககால மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. இன்னும் சிறிது காலம் இருந்திருந்தால் அங்கேயே பட்டம் பெற்றிருக்கலாம்.

1898இல் கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரியைத் திறந்து, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்துப் பட்டம் பெற்றவர் அன்று ஒருவர்கூட இல்லை. ஆண்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே தேர்வை எழுத வேண்டும். படிப்பு முடியும் தறுவாயில் ஐடா அங்கு மாறினார். 1899இல் பட்டம் பெற்றார்.

அந்தப் பயிற்சிக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வேலூர் வந்தார். சில மாதங்களிலேயே, அவருக்கு வழிகாட்டியிருக்க வேண்டிய தந்தை காலமானார். வீட்டின் ஒரு சிறிய அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார் ஐடா. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது.

தாம் ஒருவர் மட்டும் போதாது என்பதை உணர்ந்த அவர், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். விண்ணப்பிக்கவே ஆள் இருக்காது என்று அதிகாரிகள் ஐயப்பட்டனர். வந்தவையோ 151 விண்ணப்பங்கள். முதல் குழுவில் படிப்பை முடித்த 14 பேரும் தேர்ச்சி பெற்றனர். 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஐடா 1960இல் கொடைக்கானலில் மறைந்தார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம், அங்கீகாரம், மருத்துவமனைப் பயிற்சி எல்லாவற்றையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். நம் நாட்டு மருத்துவ மன்றம் அங்கீகரிக்காத பட்டத்தோடு திரும்பினால் சிரமப்படுவது நாம்தான். ஆனால், இரண்டு கல்லூரிகளும் தரத்தில் சமமாகத் தெரியும்போது, பெயரையும் தரவரிசையையும் மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. யாருக்குச் சிகிச்சை அளிக்கப் போகிறோம், அதற்கான பயிற்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஐடாவுக்கு அந்த முதல் கேள்விக்கான விடை, எந்தக் கல்லூரியிலும் கால்வைப்பதற்கு முன்பே, திண்டிவனத்தில் கிடைத்துவிட்டது. அதனால்தான் பாதி வழியில் கல்லூரி மாறியபோதும் அவருடைய பாதை மாறவில்லை.