பாலுசுவாமி தீட்சிதரும் வயலினும்

மாணவர்களே, மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றிக் கர்நாடக சங்கீதப் பாடத்தில் பக்கக்கணக்காகப் படித்திருப்பீர்கள். அவருடைய தம்பி பாலுசுவாமியைப் பற்றி எழுதச் சொன்னால் உங்களில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். வயலினைக் கர்நாடக இசைக்கு அறிமுகம் செய்தவர் என்பதே அந்த வரி. அது பிழையன்று. ஆனால் ஐரோப்பியரிடமிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று விளக்கும்படி கேட்டால் அந்த ஒரு வரி போதாது. ஆகவே இவ்வரலாற்றைச் சற்று நின்று படியுங்கள்.

பாலுசுவாமி தீட்சிதர் 1786 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் இராமசுவாமி தீட்சிதர். ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர் இவரே. திருவாரூரில் வாழ்ந்த இக்குடும்பத்தின் ஆண்மக்களில் மூத்தவர் முத்துசுவாமி, அடுத்தவர் சின்னசுவாமி, இளையவர் பாலுசுவாமி. பின்னர் இக்குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் குடியேறியது. அங்கே முத்துகிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் அவருடைய மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் இவர்களை ஆதரித்தனர். வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பனியின் துபாஷ் ஆவார். கம்பனியாருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்த்து அலுவல்களை நடத்திக்கொடுப்பவரையே அன்று துபாஷ் என்றனர். அவருடைய தயவினால் சகோதரர்கள் புனித ஜோர்ஜ் கோட்டைக்குச் சென்று ஆங்கிலேயரின் பாண்ட் வாத்தியத்தைக் கேட்டனர்.

ஒரே இசையைக் கேட்ட அண்ணனும் தம்பியும் அதிலிருந்து எடுத்துக்கொண்டவை வெவ்வேறு. அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டு சுவரங்கள் எனப்படும் அப்பாடல்கள் ஏறத்தாழ 40 உள்ளன. தம்பிக்கோ மெட்டைவிட வாத்தியத்திலேயே மனம் சென்றது. முதலியாரின் ஏற்பாட்டில் ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றார். வீணை முதலிய வாத்தியங்களில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருந்தவருக்கும் மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை, மூன்று மாதத்தில் வில் பிடிக்க வரவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்கவும்.

அந்நாளில் ஐரோப்பாவில் வயலின் எந்நிலையில் இருந்தது? வியன்னாவில் ஹெய்டன் (1732 - 1809) என்னும் இசை மேதை ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற வடிவத்தை முழுமைப்படுத்திக்கொண்டிருந்தார். இது நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசையாகும். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகியன அதில் இடம்பெறும். வழிநடத்துநர் கிடையாது. பெரிய அரங்கத்துக்காக அன்றி ஓர் அறைக்குள் கேட்பதற்காக எழுந்தமையால் இவ்வகை இசையை அறை இசை என்பர். நால்வரும் ஒரே சுரத்தை வாசிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி வழி உண்டு. நான்கு வழிகளும் ஒரே நேரத்தில் ஒலித்து இசைவதே ஹார்மனி எனப்படும் ஒத்திசை. ஹெய்டன் இவ்வகையில் 68 படைப்புகளை இயற்றியவர். அவற்றுள் புகழ்பெற்ற ஆறு 1799 இல் அச்சில் வெளிவந்தபோது பாலுசுவாமிக்கு வயது 13.

பாலுசுவாமி விட்டுவிட்டது இந்த ஒத்திசையைத்தான். நம் இசையில் ஒரு நேரத்தில் ஓடுவது ஒரே இராக வழி. அதில் இன்னொரு வழியைக் கலந்தால் கமகம் மங்கி, இராகத்தின் உருவம் கெட்டுவிடும். அவர் எடுத்துக்கொண்டது வாத்தியத்தின் இரு இயல்புகளை. முதலாவது, வயலினில் மெட்டுகள் இல்லை. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. வயலினிலோ விரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி வழுக்கிச் செல்லும். இரண்டாவது, வில். வீணையில் மீட்டிய ஒலி சற்று நேரத்தில் தேய்ந்துவிடும். வில் இழுக்கும் வரை வயலினின் ஒலி மனிதக் குரலைப் போல நீடிக்கும். பாட்டுக்குத் துணைசெய்ய இதைவிடப் பொருத்தமான வாத்தியம் வேறில்லை என்பதே என் கருத்து.

சுருதி சேர்க்கும் முறையும் வேறுபட்டது. மேற்கத்திய வயலினில் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, ஈ என அமையும். நம் முறையில் மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம் எனச் சேர்க்கப்படும். நின்றோ கதிரையில் இருந்தோ வாசிப்பதற்குப் பதிலாக, தரையில் அமர்ந்து வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கின்றனர். இம்மாற்றங்கள் அனைத்தையும் பாலுசுவாமி ஒருவரே செய்தார் என்று விடையில் எழுதிவிடாதீர்கள். அவர் காலத்தில் வேறு சிலரும் வயலினைக் கையாண்டனர். அவர்களுள் முக்கியமானவர் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு. சுவாதித் திருநாள் மகாராஜா 1834 இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். தஞ்சை நால்வர் என்றதும் நான்கு வயலின் என்று எண்ணவேண்டாம். அவர்கள் நாட்டியக் கலையிலும் வல்ல நான்கு சகோதரர்கள்.

வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ கோயில் திருவிழாவிலோ அடுத்த முறை கச்சேரி கேட்கும்போது வயலின் வித்துவானை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். ஆலாபனையில் அவர் பாடகரை ஒரு மூச்சு பின்னே தொடர்வார். பின்பு தனக்குரிய முறை வரும்போது அதே இராகத்தைத் தானாக விரிப்பார். கற்பனைச் சுரத்தில் பதில் சொல்வார். ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதில் குவார்டெட்டுக்கும் நம் கச்சேரிக்கும் உறவு உண்டு. ஆனால் அங்கே நால்வரின் பகுதிகளும் முன்னரே எழுதப்பட்டவை. இங்கே பாடகர் அடுத்து என்ன பாடுவார் என்பது பக்கவாத்தியக்காரருக்குத் தெரியாது.

தந்தையார் 1817 இல் காலமானார். சின்னசுவாமி 1823 இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்துவானாக அமர்த்தப்பட்டார். தம்பி அங்கிருப்பதை அறிந்த முத்துசுவாமி தீட்சிதர் அவரைத் தேடிச் சென்றார். வழியில் வரண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷினி இராகம் பாடி மழை பெய்வித்தார் எனக் கூறப்படுவது இப்பயணத்தின்போதுதான். முத்துசுவாமி தீட்சிதர் 1835 இல் தீபாவளி நாளன்று எட்டயபுரத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

அண்ணனின் கிருதிகள் தம்பியின் இல்லத்தில் நிலைத்தன. பாலுசுவாமி தம் மகள் வயிற்றுப் பேரனான சுப்பராமரைத் தத்தெடுத்து இசை கற்பித்தார். 1839 இல் பிறந்த சுப்பராமர், முத்துசுவாமி தீட்சிதரை நேரில் கண்டவரல்லர். அவருடைய கிருதிகளைச் சுரக்குறிப்புடன் தொகுத்து, சங்கீத சம்பிரதாய பிரதர்ஷினி என்னும் பெருநூலாகத் தெலுங்கு எழுத்தில் 1904 இல் வெளியிட்டார். மணலியில் பாலுசுவாமி மூன்று ஆண்டுகள் வயலின் பயின்ற செய்தியும் அந்நூலிலேயே பதிவாகியுள்ளது.