ரொட்டி கிடைக்காத குளிர்காலம்... குளூட்டன் ஃப்ரீ கேக்குக்குப் பின்னால் ஒரு டாக்டர்!

பேக்கரி ஷோகேஸில் குளூட்டன் ஃப்ரீ ஸ்டிக்கர் ஒட்டிய கேக்கைப் பார்த்திருப்பீங்க. இதுவும் ஏதோ டயட் ட்ரெண்டுனு நினைச்சு கடந்தும் போயிருப்பீங்க. ஆனா, கோதுமையே ஆகாத உடம்பும் இருக்குனு கண்டுபிடிக்க ஒரு டாக்டர் பல வருஷம் போராடியிருக்கார். அவர் பெயர் வில்லம் கேரல் டிக்கே. நெதர்லாந்துக்காரர்.

வாழைப்பழ வைத்தியம்

1905-ல் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தவர் டிக்கே. லெய்டனில் மருத்துவம் படித்தார். பிறகு தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பயிற்சி. 1936-ல் அதே மருத்துவமனைக்கு அவரே இயக்குநர். அப்போ அவருக்கு வயசு 31தான்!

அந்தக் காலத்தில் குழந்தைகள் வார்டுகளை மிரட்டிய நோய்களில் ஒன்று சீலியாக். வயிறு உப்பியிருக்கும், கை கால் குச்சி மாதிரி இருக்கும். வயிற்றுப்போக்கு நிற்கவே நிற்காது. எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. பல குழந்தைகள் இறந்தே போனார்கள்.

இந்த நோய் குணமாகணும்னா அது சாப்பாட்டு வழியாகத்தான் முடியும் என்று லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ 1888-லேயே எழுதிவிட்டார். ஆனா, எந்தச் சாப்பாடு? அது யாருக்கும் தெரியலை. 1924-ல் அமெரிக்க டாக்டர் சிட்னி ஹாஸ், ரொட்டியையும் தானியங்களையும் நிறுத்திவிட்டு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் தேறினார்கள். பாராட்டெல்லாம் வாழைப்பழத்துக்குப் போச்சு. ரொட்டி மேல யாருக்கும் சந்தேகம் வரலை.

ஒரு அம்மா சொன்ன விஷயம்

1930-களில் டிக்கேயிடம் ஒரு இளம் தாய் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னாராம். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் தோல் தடிப்பு சட்டுனு குறையுது என்பதுதான் அது. வேற டாக்டரா இருந்தா சிரிச்சுட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டிருக்கலாம். டிக்கே அதைப் பிடித்துக்கொண்டார். சில குழந்தைகளுக்குக் கோதுமையை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார். 1941-ல் டச்சு மருத்துவ இதழ் ஒன்றில் தன் எளிய உணவு முறை பற்றி எழுதவும் செய்தார். அப்போது நாட்டில் ஹிட்லரின் படை இருந்தது. உலகம் இதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

பசிக் குளிர்காலம்

1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதிலடியாக, ஜெர்மானியர்கள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வருவதைத் தடுத்தார்கள். ரொட்டி கிடைக்கலை. ஜனங்க துலிப் பூச்செடியின் கிழங்கையும் சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும் பீட் கிழங்கையும் அவித்துச் சாப்பிட்டார்கள். சுமார் 20,000 பேர் அந்தப் பஞ்சத்தில் இறந்தார்கள்.

இவ்வளவு கொடுமைக்கு நடுவில், ஏற்கெனவே நோயில் கிடந்த சீலியாக் குழந்தைகள்தானே முதலில் போயிருக்கணும்? நடந்ததோ தலைகீழ். கோதுமை இல்லாத அந்த மாதங்களில் அவர்கள் தேறினார்கள். விடுதலை நெருங்கியபோது ரொட்டி திரும்பி வந்தது. ஊரே கொண்டாடியது. அதே ரொட்டியைச் சாப்பிட்ட சீலியாக் குழந்தைகள் மறுபடி படுத்துவிட்டார்கள். டிக்கேயின் பழைய சந்தேகம் உறுதியானது.

நிரூபிக்கணுமே!

பஞ்சத்தில் பார்த்தேன் என்று சொன்னால் மட்டும் மருத்துவ உலகம் ஏற்காது. கோதுமையை நிறுத்தி, திரும்பக் கொடுத்து, மறுபடி நிறுத்தி, ஒரே குழந்தையை மாதக்கணக்கில் கவனிக்கணும். தேறிய குழந்தைக்குத் தெரிந்தே திரும்ப ரொட்டி கொடுக்கிற வேலை அது. ஆனா, அதைச் செய்யாமல் விட்டிருந்தால் மற்ற ஊர்க் குழந்தைகளுக்கு ரொட்டி ஊட்டுவது நின்றிருக்காது.

வேதியியலாளர் வான் டி கேமர் ஒரு வழி கொடுத்தார். மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தால், உணவு உடம்பில் சேருதா இல்லையானு எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். டாக்டர் வைஜர்ஸும் கூட்டு சேர்ந்தார். கோதுமை, ரை இரண்டும் ஆகலை. அரிசியும் சோளமும் பிரச்னை செய்யலை. அதைவிட முக்கியம், கோதுமையின் ஸ்டார்ச்சை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் ஒன்றும் ஆகலை. குற்றவாளி, மாவைப் பிசையும்போது பிசுபிசுனு இழுபடுதே, அந்தப் புரதம். அதுதான் குளூட்டன்.

1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார் டிக்கே. 1952-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. 1957-ல் அவர் உட்ரெக்ட்டில் பேராசிரியரானார். பக்கவாதம் தாக்கி, 1962-ல் 57 வயதில் இறந்துபோனார்.

இப்போ நம்ம கிச்சனில்...

பிரெட்டைப் புஸ்ஸுனு உப்ப வைப்பதே குளூட்டன்தான். அதன் வலைக்குள்தான் காற்று தங்கும். அது இல்லைனா பிரெட் உதிர்ந்துவிடும். அதனால்தான் இன்றைய பேக்கர்கள் அரிசி மாவு, பாதாம் மாவு, சோள ஸ்டார்ச் என்று கலந்து, பிடிமானத்துக்கு இசப்கோல் உமி சேர்த்துப் புதுசு புதுசா முயற்சி பண்றாங்க. எந்த மாவைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்ற முதல் பட்டியல் டிக்கேயின் வார்டிலிருந்து வந்ததுதான்.

உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு சீலியாக் இருக்கு. உங்களுக்கும் சந்தேகம்னா, ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடியே சப்பாத்தி, பரோட்டாவை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா ரிசல்ட்டில் நோய் தெரியாமலே போகலாம். முதலில் டாக்டர், அப்புறம் டயட்!

அடுத்த தடவை அந்த ஸ்டிக்கரைப் பார்த்தா, ஒரு அம்மா சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.