சர் ஹம்ப்ரி டேவியும் தாமிரத் தகடும்

போன மாதம் எங்கள் அறிவியல் டீச்சர் இரண்டு டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு இரும்பு ஆணி போட்டார்கள். ஒரு ஆணியில் மட்டும் பழைய பேட்டரி செல்லின் உறையிலிருந்து வெட்டிய துத்தநாகத் துண்டைச் சுற்றிவிட்டார்கள். நாலே நாளில் வெறும் ஆணி இருந்த தண்ணீர் செம்மண் கலர் ஆகிவிட்டது. மற்ற ஆணியில் துருவே இல்லை! துத்தநாகம்தான் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த வழியைக் கப்பலில் செய்து பார்த்தவர்தான் சர் ஹம்ப்ரி டேவி.

இவர் 1778ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இங்கிலாந்தில் பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மரத்தில் சிற்பம் செதுக்குபவர். 1794இல் அவர் இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளில் டேவிதான் மூத்தவர். அதனால் அடுத்த வருடமே ஒரு மருத்துவரிடம் வேலை பழகப் போனார். கல்லூரிக்கே போகாதவர்! 1807இல் மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியம், சோடியம் இரண்டையும் பிரித்தெடுத்தார். பொட்டாசியம் தீப்பிடித்ததைப் பார்த்து சந்தோஷத்தில் அறைக்குள்ளேயே குதித்து ஆடினாராம். சுரங்க விளக்கு எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அப்போது இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் மரத்தால் ஆனவை. புழு துளைக்காமல் இருக்க அடியில் தாமிரத் தகடு அடித்திருப்பார்கள். கடல் நீர் அந்தத் தகட்டையே அரித்துவிடும். இதற்கு வழி சொல்லும்படி 1823இல் கடற்படை டேவியிடம் கேட்டது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் இருந்தால், சுலபமாக அரிபடுவது தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். அதனால் தாமிரத்தோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைச் சேர்த்தார். 1824இல் கப்பல்களில் பொருத்தினார்கள். தாமிரம் அரிக்கவில்லை!

ஆனால் கப்பலின் அடியில் பாசியும், சிப்பி மாதிரி ஓடு உள்ள உயிர்களும் அப்பிக்கொண்டன. கப்பல் வேகமாகப் போக முடியவில்லை. தாமிரம் கரையும்போது அது அந்த உயிர்களுக்கு விஷம். அதுதான் அவற்றை இத்தனை நாள் அண்டவிடாமல் வைத்திருக்கிறது. கரைவது நின்றதும் விஷமும் நின்றுவிட்டது. கடலுக்குப் போகும் கப்பல்களிலிருந்து அந்தத் துண்டுகளைக் கழற்றும்படி 1825இல் உத்தரவு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னபடிதானே நடந்தது? முதலில் ஒரே ஒரு கப்பலை ரொம்ப நாள் கடலில் விட்டுப் பார்த்திருக்கலாம் என்கிறாள் என் தோழி. அதுவும் நியாயம்தான்.

1829 மே 29 அன்று ஜெனீவாவில் டேவி காலமானார். வயது 50தான். இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். பாசி பிடிக்காமல் இருக்க, தாமிரம் கலந்த பெயிண்டும் அடிக்கிறார்கள்.

எங்கள் இரண்டு டம்ளரும் வகுப்பு ஜன்னலில் இருக்கின்றன. துத்தநாகம் தீர்ந்துவிட்டால் அந்த ஆணியும் துருப்பிடிக்குமாம். தினமும் போய்ப் பார்க்கிறேன்.