இரவுதோறும் கணக்கெழுதிய மாணவர்

பிள்ளையை மேற்படிப்புக்காக அயல்நாட்டுக்கு அனுப்பும் குடும்பம், அவனோடு தன் உழைப்பையும் சேர்த்தே அனுப்பி வைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த களக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழையும் நெல்லும் விளையும் அம்மண்ணில் ஒரு தந்தை ஆண்டு முழுதும் பாடுபட்டுச் சேர்க்கும் தொகை, லண்டன் போன்ற மாநகரில் ஒரு மாணவனின் சில மாத வாடகைக்கே போதாமற் போகலாம். வயலை ஈடு வைத்தும், உம்மாவின் நகையை விற்றும், வங்கியில் கடன் பெற்றும் அனுப்பப்படும் அப்பணம், மகனின் கைக்கு வந்து சேர்ந்ததும் யாருடையதாகிறது? தன்னுடையது என்றே அவன் எண்ணக்கூடும். ஆனால் அஃது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ?

பொருளை எவ்வழியில் ஈட்டினான், எவ்வழியில் செலவிட்டான் என்று மனிதன் மறுமையில் வினவப்படுவான் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாக, அல்பகரா அத்தியாயத்தில் அமைந்துள்ளது. இந்நெறிகளை அறிந்த நமக்கு, வேறொரு சமயத்தைச் சார்ந்த ஓர் இளைஞரின் மாணவ வாழ்வு சிந்திக்கத் தக்க பாடமாக விளங்குகிறது. பின்னாளில் மகாத்மா என உலகம் போற்றிய மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியே அவ்விளைஞர்.

பணம் திரண்ட வரலாறு

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தவர் மோகன்தாஸ். தந்தையார் திவானாகப் பணியாற்றியவர். எனினும் பெருஞ்செல்வம் சேர்த்து வைத்தவர் அல்லர். அவர் 1885இல் மறைந்தபின் குடும்பப் பொறுப்பு மூத்த தமையனாரின் தோளில் விழுந்தது. இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றால் குடும்பம் மீண்டும் தலைநிமிரும் என்று குடும்ப நண்பர் ஒருவர் யோசனை கூறினார். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது என்றும் அவர் மதிப்பிட்டார்.

அத்தொகைக்கு எங்கே போவது? போர்பந்தர் சமஸ்தானத்தின் ஆங்கிலேய நிர்வாகியிடம் உதவி கேட்டு நின்றார் மோகன்தாஸ். முதலில் பட்டம் பெற்று வருமாறு கூறி அவர் அனுப்பிவிட்டார். மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம், மூவாயிரம் தேறும் என்று கணக்கிட்டார் மோகன்தாஸ். எப்பாடு பட்டேனும் பணம் திரட்டித் தருவதாகத் தமையனார் வாக்களித்தார். மதுவையும் மாமிசத்தையும் பிற மாதரையும் தீண்டுவதில்லை என்று அன்னையின் முன்னிலையில் சத்தியம் செய்துவிட்டு, மோகன்தாஸ் பம்பாய் வந்தார்.

அங்கே, கடல் கடப்பது குற்றம் எனச் சாதிப் பெரியோர் அவரை விலக்கி வைத்தனர். பணத்தைப் பாதுகாப்பாக வைத்திருந்த உறவினரும் சாதிக் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி அதனைத் தர மறுத்தார். இறுதியில் நண்பர் ஒருவரிடம் கடன் பெற்று, 1888 செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் ஏறினார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

நகரம் கற்பித்த ஆடம்பரம்

லண்டனில் முதலில் தங்கிய ஓட்டலிலேயே அதிர்ச்சி காத்திருந்தது. ஓர் உணவு பிடிக்காமல் வேறொன்றைக் கேட்டால் இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. வயிறு நிறையாமலே மூன்று பவுன் கட்டிவிட்டு வெளியேறினார். அக்காலத்தில் 12 பென்ஸ் கொண்டது ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன்.

அதன்பின்னரும் அவர் உடனே சிக்கனத்தைக் கைக்கொள்ளவில்லை. நாகரிகக் கனவானாகத் தோன்ற வேண்டும் என்னும் மோகம் அவரைப் பற்றிக்கொண்டது. தொப்பி ஒன்றுக்கு 19 ஷில்லிங். செல்வர்கள் உடை வாங்கும் பாண்டு வீதியில் தைத்த மாலை நேர உடைக்குப் பத்துப் பவுன். நடனப் பயிற்சிக்கு மூன்று பவுன். வயலின் வாங்க இன்னொரு மூன்று பவுன். இவை போதாவென்று, இரட்டைவடத் தங்கக் கடிகாரச் சங்கிலி வேண்டுமென ஊருக்கு எழுதி, அதனையும் வரவழைத்துக்கொண்டார்.

இந்த மோகம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்தது. ஆனால் அந்நாட்களிலும் ஒரு நற்பழக்கத்தை அவர் கைவிடவில்லை. பேருந்துக் கட்டணம், தபால்தலை, செய்தித்தாள் வாங்கிய ஓரிரு காசு என எதனையும் விடாமல் எழுதி வந்தார். ஒவ்வோர் இரவும் உறங்கச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்த்தார். அவரை மீட்டது அந்தக் கணக்கேடே. தொப்பிக்கும் சங்கிலிக்கும் ஓடிய காசைத் தம் கையெழுத்திலேயே காணும் ஒருவர் எத்தனை நாள்தான் தம்மை ஏமாற்றிக்கொள்ள இயலும்?

தமையனை நினைத்த தம்பி

லண்டனில் தங்கியிருந்த இந்திய மாணவர்களில் மாதம் எட்டு முதல் பதினைந்து பவுன் வரை செலவழித்தோர் பெரும்பாலும் உதவித்தொகை பெற்றவர்கள் என்பதை அவர் கண்டார். தமக்கோ உதவித்தொகை இல்லை. பணம் வேண்டி எழுதும்போதெல்லாம் சிரமத்துக்கிடையே அனுப்பிவந்த தமையனார் மட்டுமே உண்டு. அந்த நினைவு அவர் நெஞ்சை அறுத்தது. செலவைப் பாதியாகக் குறைப்பது என்று தீர்மானித்தார்.

அன்பர்களே, அவர் குறைத்த முறையைக் கூர்ந்து நோக்குங்கள். சில்லறைச் செலவைச் சுருக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. இருப்பிடம், போக்குவரத்து, உணவு ஆகிய மூன்று பெருஞ்செலவுகளின்மீது கை வைத்தார். ஒரு குடும்பத்தோடு கட்டணம் செலுத்தித் தங்குவதை விட்டுத் தனியே அறை எடுத்தார். அவ்வறையும், செல்லவேண்டிய இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்குமாறு பார்த்துக்கொண்டார். வண்டிச் செலவு ஒழிந்தது; நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்ததில் உடல்நலமும் வாய்த்தது.

பின்னர், தம்மினும் வறிய மாணவர் ஒருவர் வாரம் இரண்டு ஷில்லிங் வாடகையில் வாழ்வதைக் கண்டதும், தாம் இன்னும் எளிமையாக வாழலாம் என்று உணர்ந்தார். இரண்டு அறைகளை விட்டு, வாரம் எட்டு ஷில்லிங்குக்கு ஒரே அறைக்கு மாறினார். அடுப்பு ஒன்று வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தாமே காய்ச்சினார். பகலுணவு மட்டும் வெளியில். இரவில் ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவு முடிந்தது. கணக்கிட்டால், வாரத்துக்கு உணவுக்கு 8 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகையோடு சேர்த்து 16 ஷில்லிங் 9 பென்ஸ். ஒரு பவுனுக்கும் குறைவான தொகை! மாலை உடை ஒன்றுக்குக் கொடுத்த பத்துப் பவுன், இப்போது அறைக்கும் உணவுக்குமாகப் பதினொரு வாரங்களுக்கு மேல் போதுமானதாயிற்று.

இதனால் அவர் படிப்பு கெட்டதா? இல்லை. எளிய வாழ்வு நேரத்தை மிச்சப்படுத்தியது. லத்தீன் மொழியில் ஒருமுறை தவறிய லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில், 1890இல் வெற்றி பெற்றார். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். இரண்டு நாள் கழித்துத் தாயகம் நோக்கிக் கப்பலேறினார்.

மாணவன் ஏடு, மக்கள் ஏடானது

1893இல் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது ஒரு முஸ்லிம் வணிக நிறுவனம். தாதா அப்துல்லா சேட்டின் அந்நிறுவனம், பயணச் செலவோடு 105 பவுன் ஊதியம் பேசியது. கணக்குப் பதிவேடுகளின் அடிப்படையில் அமைந்த பெரும் வழக்கு அது. காந்தி கணக்குப்பதிவியலை நூல் வாங்கிப் பயின்றார். எதிர்த் தரப்பில் நின்றவரும் சேட்டின் உறவினரே. இருவரையும் இணங்க வைத்து, வழக்கை நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுவந்தார். தோற்றவர் 37,000 பவுனை ஒரே தவணையில் செலுத்தினால் நொடித்துப் போவார் என்ற நிலையில், நீண்ட காலத் தவணைக்குச் சேட் பெருந்தன்மையோடு இசைந்தார்.

1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. சேட் மாதம் இரண்டு பவுனும், காந்தி ஒரு பவுனும் சந்தா எழுதினர். சிறு தொகைக்கும் ரசீது அளிக்கப்பட்டது. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இருந்தது. பின்னாளில் பொதுமக்களின் பணம் இலட்சக்கணக்கில் தம் வழியே செலவானபோதும் எந்த இயக்கமும் கடன்படாமல் நடந்ததற்கு, லண்டன் அறையில் கற்ற அப்பழக்கமே காரணம் என்று அவர் கருதினார். தமையனாரையும் அவர் மறக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஈட்டி மிச்சப்படுத்தியதைப் பல்லாண்டுகள் அவருக்கே அனுப்பி வந்தார்.

நம் இல்லங்களுக்கு

கடல் கடந்து பயிலும் மகனே, மகளே! வயிற்றைக் காயப்போட்டு மிச்சம் பிடிக்குமாறு யாரும் உங்களைக் கேட்கவில்லை. கஞ்சத்தனத்தையும் மார்க்கம் விரும்பவில்லை, வீண்விரயத்தையும் விரும்பவில்லை. ஒவ்வோர் இரவும் ஐந்து நிமிடம் ஒதுக்கி அன்றைய செலவை எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு தட்டலில் காசு பறந்துவிடும் இக்காலத்தில் அது முன்னினும் அவசியம். மாத இறுதியில் அறைக்கும் உணவுக்கும் பயணத்துக்கும் போனது எவ்வளவு என்று பாருங்கள். மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

பெற்றோர்களே! பணம் அனுப்புவதோடு உங்கள் கடமை முடிவதில்லை. வீட்டின் உண்மை நிலையைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். எத்தனை ரூபாய் கடன், அது எவ்வாறு அடைக்கப்படுகிறது என்பதை அவர்கள் அறியட்டும். தமையனின் சிரமத்தை உணர்ந்ததாலன்றோ ஒரு தம்பி திருந்தினார்?

உலகில் நம் கணக்கை நாமே எழுதிப் பழகினால், மறுமையின் கணக்கு நமக்கு எளிதாகும். அமானிதத்தைப் பேணும் நற்பண்பை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக!